பதினோரு மணிக்கு ஒரு பொய்!

ட்ர்ர்ரிங்...!

போன் அலறியது. சங்கரி பாய்ந்து எடுத்தாள்.

"வணக்கம், பாலாறு டி.வி...!"

"சங்கரிம்மாவா? காலைல நியூஸ்ல ஒரு மாம்பழக் கலர் கட்டிக்கினு வந்தியே... அது எந்தக் கடை?"

சங்கரியின் முகம் வாடியது. "வீரபத்திரன் கடை. அப்புறம்... நியூஸ் எப்டி இருந்துச்சு?"

"நியூஸா?"

போனை வைத்துவிட்டார்கள்.

பாலாறு டி.வி. காஞ்சிபுரத்தின் கேபிள் சேனல். பட்டுக்கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில், ஒரு மாடியில் ஸ்டுடியோ. பத்து வருடமாக அதில் செய்தி வாசிக்கிறாள் சங்கரி. ல, ள, ழ மூன்றும் அவள் நாக்கில் தனித்தனியாக நிற்கும்.

யார் கவனித்தார்கள்? ஊரே தறிக்கார ஊர். டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு, பார்டரை மட்டும் பார்க்கிற ஊர்!

"இன்னிக்கு ஒரே ஒரு ஆளாவது நியூஸைப் பத்திப் பேசணும் ஜான்சன். இல்லேன்னா இந்த வேலையையே தலைமுழுகிடுவேன்."

கேமராமேன் ஜான்சன் சிரித்தான். "அத்த அப்பால பாக்கலாம் மேடம். பதினோரு மணி ஆவப் போவுது. புடவை மாத்திட்டீங்கல்ல?"

மாற்றியிருந்தாள். அரக்குக் கலர். முந்தானை முழுக்க ஜரிகை அன்னங்கள். இதுவும் வீரபத்திரன் கடை உபயம்தான்.

கதவு திறந்தது.

கறுப்புத் தொப்பி. முகத்தில் மாஸ்க். கையில்... பிஸ்டல்!

"கத்துனா சுட்டுருவேன்!"

வந்தவன் கதவைச் சாத்திவிட்டு அதை ஒட்டியே நின்றான். பக்கத்திலேயே கேமரா. பிஸ்டல் ஜான்சனின் நெற்றியைத் தொட்டது.

"இன்... இன்னா வேணும்?" ஜான்சன் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"ஒரு நியூஸ் படிக்கணும். இந்தத் தெருவுல விஷவாயு லீக் ஆயிருச்சு. கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுட்டு எல்லாரும் பாலாத்துப் பக்கம் ஓடணும். அவ்வளவுதான்!"

சங்கரிக்குப் புரிந்துவிட்டது. முகூர்த்த சீசன். கடை கடையாகப் பட்டு குவிந்து கிடக்கிறது.

"கீழ வேன் நிக்குதா?"

"புத்திசாலி! தெருமுனையில என் ஆளுங்க இருக்காங்க. தெரு காலியானா கடையும் காலி. உக்காரு!"

படித்தால், இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மிதிபட்டுச் சாவார்களோ! பத்து வருடப் பெயரும் போகும். படிக்காவிட்டால் ஜான்சன் போவான்.

சட்டென்று ஒரு யோசனை.

"முந்தியைச் சரி பண்ணிக்கறேன். கலைஞ்சிருந்தா ஊர்ல சந்தேகப்படுவாங்க."

"சீக்கிரம்!"

முந்தானையை இடுப்பருகே ஒரு திருப்பு திருப்பி, தோளில் போட்டுப் பின் குத்தினாள்.

உள்பக்கம் வெளியே!

அன்னங்களைக் காணோம். பின்புறத்து ஜரிகை இழைகள் தாறுமாறாகத் தொங்கின. காஞ்சிபுரத்தில் ஒருத்தி பட்டுப் புடவையின் பின்பக்கத்தை ஊருக்குக் காட்டினால், ஒன்று அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். இல்லை, ஆபத்தில் இருக்க வேண்டும். யாராவது ஒருத்தருக்குப் புரியாதா?

தொப்பிக்காரனுக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரன்!

"நேயர்களுக்கு ஓர் அவசரச் செய்தி..."

குரல் நடுங்காமல் படித்தாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

முடிந்தது. தொப்பிக்காரன் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தான். பிறகு தொப்பிக்காரனின் செல் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே... ஒருத்தனும் நகரலண்ணே! கடைக்குள்ள கூட்டம் நெரியுது. வேனை எடுக்கச் சொல்லி டிராபிக் போலீஸ் வேற சத்தம் போடுறாரு!"

"எப்படிடா? அவ்வளவு நல்லாப் படிச்சாங்களே!"

அப்போது...

படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம்!

படார்!

திறந்த வேகத்தில் கதவு அவன் மூக்கைப் பதம் பார்த்தது. பிஸ்டல் எகிறி விழுந்தது. அவன் குப்புற விழ, ஜான்சன் அவன் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வாசலில் வீரபத்திரன்! பின்னால் நாலைந்து தறிக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால், யூனிபார்மில் இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி!

தொப்பிக்காரனின் கைக்கு விலங்கு வந்தது. இன்ஸ்பெக்டர் போட்ட ஒரு போனில் தெருமுனை வேனும் சிக்கியது.

சங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சிக்னலைப் புரிஞ்சிக்கினு வந்தீங்களேண்ணா... உயிரைக் காப்பாத்திட்டீங்க!"

"சிக்னலா?" வீரபத்திரன் கொதித்தார். "என் புடவையோட உள்பக்கத்த ஊருக்கே காட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்கியேம்மா! என் மானம் போவுது. நியாயம் கேக்க வந்தேன்!"

"மேடம்... நீங்களாவது...?"

இன்ஸ்பெக்டர் நெளிந்தார். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு இதே புடவைதான் சொல்லி வெச்சிருந்தேன். பின்னால இவ்ளோ இழை தொங்குதே, வேணாம்னு சொல்லிடலாம்னு கடைக்கு வந்தேன். இவர் இங்க ஓடியாந்தார். விட்டுடக் கூடாதுன்னு நானும் ஓடியாந்தேன்."

"அப்போ... விஷவாயு நியூஸ்?"

"நியூஸ் வேற படிச்சியாம்மா?" என்றார் வீரபத்திரன்.

"நான் கேட்டேன் மேடம்!"

தரையிலிருந்து முனகல். தொப்பிக்காரன்தான்!

"ஒரு எழுத்து விடாமக் கேட்டேன். என்னா கணீர்னு படிச்சீங்க! லீக்குனு கதை கட்டுனதே நான்தான்... ஆனாலும் எனக்கே ஓடிரலாமான்னு இருந்துச்சு!"

இன்ஸ்பெக்டர் அவன் காலரைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு போனார்.

சங்கரி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள்.

"மேடம்... மேடம்! கொஞ்சம் பாத்து அடிங்க! பத்து வருஷத்துல எனக்குக் கெடச்ச ஒரே நேயர் அவருதான்!"