அஸ்திவாரத்துக்கும் கீழே ஒரு மட்டம்

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவள் புது அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். உள்ளே மட்டும் விளக்குப் போட வேண்டியிருந்தது. முதலாளி தான் கட்டிய ஆறு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கே அலுவலகத்தை மாற்றியிருந்தார். மற்ற தளங்களுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை.

அவள் கணினியில் கட்டடம் வரைபவள். இதே கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டபோதுதான், இங்கே மேற்பார்வையாளனாக இருந்த அவள் கணவன் காணாமல் போனான். எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் முதலாளி. பிறகு பாவம் பார்ப்பதுபோல அவளுக்கு வேலையும் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

கட்டடத்தின் தளங்களை மென்பொருளில் ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தார். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மட்டம் உண்டு. மட்டத்தின் உயரத்தை மாற்றினால் அதன்மேல் இருக்கும் சுவர், கதவு, எல்லாமே கூடச் சேர்ந்து ஏறும், இறங்கும். எந்தப் புண்ணியவானோ பெயர்களை இஷ்டத்துக்குக் குழப்பிவைத்திருந்தான். இரண்டாம் தளம் மட்டும் மூன்று இருந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே சரிசெய்து வந்தாள்.

தரைத்தளத்துக்குக் கீழே, அஸ்திவாரத்துக்கும் கீழே, பெயரில்லாத ஒரு மட்டம் இருந்தது.

அழித்தாள். திரும்ப வந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடியும் வந்தது. எங்கிருந்தோ ஈரச் சிமெண்டு வாடை அடித்தது.

அந்த மட்டத்தைத் திறந்து பார்த்தாள். அதில் ஒரே ஒரு ஆள் உருவம். அளவு தெரிவதற்காகப் படத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி. அவை எப்போதும் நின்றுகொண்டிருக்கும். இது ஒருக்களித்துப் படுத்திருந்தது, வலது கையைத் தலைக்கு வைத்து, ஒரு காலை மடக்கி.

அவன் அப்படித்தான் தூங்குவான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கீழ தளமே கிடையாதும்மா. அழிச்சிடு."

"தளமே இல்லன்னா உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது?"

தரைக்கடியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, விட்டுவிட்டு.

அவர் உளறத் தொடங்கினார். குழியில் மண் சரிந்ததாம். உள்ளே அவன் ஒருவன்தானாம். கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றனவாம். நிறுத்தினால் கலவை இறுகி அத்தனையும் வீணாகிவிடுமாம்.

"அப்ப உயிர் இருந்துச்சா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"இப்படித்தான்... தட்டிக்கிட்டே இருந்தான்."

கலவை வீணாகக் கூடாதென்று ஒரு மனிதனைப் புதைத்திருக்கிறான் பாவி. இவன் கையாலா இத்தனை நாள் சம்பளம் வாங்கினோம்? அவர் மவுஸைப் பிடுங்க வந்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, கீழ் மட்டத்தின் உயரத்தைப் பூஜ்யமாக்கினாள். பூஜ்யம் என்பது அவர்கள் நின்றுகொண்டிருந்த தரை.

தட்டும் சத்தம் நின்றது.

வாசலுக்கும் அவருக்கும் நடுவே தரை ஓடுகள் மெல்ல எழும்பின. இடுக்கெல்லாம் சாம்பல் நிறக் குழம்பு கசிந்தது.

"திரும்பக் கீழ இறக்கிடும்மா," என்று கிசுகிசுத்தார்.

"நீங்க இறக்குனது போதும் சார்."

வாசல் பக்கம் போக வழியில்லை. அவர் மாடிப்படியில் ஓடினார். பின்னாலேயே ஈரக் கால்கள் படியேறும் சத்தம். திரையில் பூஜ்யம் தானாக மாறியது. முதல் தளத்தின் உயரம். இரண்டாம் தளம். மூன்றாம் தளம். அவள் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. ஏறட்டும்.

மொட்டைமாடியின் உயரத்தில் எண் நின்றது. மேலே ஒரு அலறல் எழுந்து, பாதியில் அறுந்தது. பிறகு கட்டடம் முழுக்க அமைதி.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துத் தன்னருகே போட்டாள். திரையில் எண் ஒவ்வொரு தளமாக இறங்கிக்கொண்டிருந்தது.