பற்றுவளை

நாத்தனாரின் விண்கலத்தைச் சூறையாடி, அவளை இருட்டில் தனியே மிதக்க விட்டுவிட்டு வந்த மேகலா, மறுநாள் காலை அவளுக்கே கேசரி கிளறி எடுத்துப்போனாள். ரேணு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணி. நேத்து நான் மூச்சுக்காத்து தீந்துபோச்சுன்னு கெஞ்சறேன், நீங்க என்னமா சிரிக்கறீங்க!"

"அது நானில்ல கண்ணு."

"தெரியுமுங்கண்ணி. முந்திரி போட்டிருக்கீங்களா?"

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். 'புறவான்' என்னும் அந்த விளையாட்டு எட்டிய ஊர்களில் எல்லாம் இதே பேச்சுதான். அதில் நுழைபவர் முதலில் ஏதாவது ஓர் அணியில் சேர வேண்டும். கோள்களுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகச் சாத்து உண்டு. அதைக் கொள்ளையிடும் சூறையர் உண்டு. கலங்களுக்கு வழிகாட்டும் விளக்குக்காவலரும் உண்டு. சேர்ந்தவுடன் நெற்றியில் அணியும் பற்றுவளை, மூளையின் ஓரிடத்தை மெல்லத் தூண்டி, தன் அணிமீது மெய்யான பற்றையும் எதிரணிமீது மெய்யான பகையையும் உண்டாக்கும். கழற்றினால் இரண்டும் போய்விடும். மக்கள் பகையை மாலையில் அணிந்து, பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தேர்தல் காலத்தில்கூடத் தெருவில் சண்டை இல்லை. 'உள்ளே இருக்கும்போது நான் நானில்லை' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எதுவும் மன்னிக்கப்பட்டது.

மேகலா சூறையர் அணி. அவள் கணவன் பரிதி விளக்குக்காவலன்.

பம்பு செய்யும் நிறுவனமொன்றின் வடிவமைப்புப் பிரிவில் பகல் முழுக்கப் பேசியே தீர வேண்டிய வேலை பரிதிக்கு. மாலையில் அவன் போய் உட்காரும் இடம், வெட்டவெளியின் ஓரத்தில் சுழலும் ஒரு விளக்குக்கூண்டு. காவல் மாறும்போது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போகிறவரும் வருகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, விளக்கு ஒரு முழுச் சுற்று வரும்வரை வாய் திறக்க மாட்டார்கள். அதை இருவர் அமைதி என்றார்கள். என்ன நடந்தாலும் அதைக் கலைக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு அது அலுப்பாக இருந்தது. வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். புறவானில் உடைந்தது உடைந்ததுதான், மறுபடி முளைக்காது. ஆள் இல்லாத விளக்குகளைச் சூறையர் ஒவ்வொன்றாக உடைத்துத் தீர்க்க, அந்தப் பகுதியில் எஞ்சியது பரிதியின் விளக்கு மட்டும்.

"உங்காளுங்க சனிக்கெழம எங்க விளக்குக்கு வர்றாங்களாமா?" என்றான் பரிதி, இட்லியைப் பிட்டபடி.

"வர்றோமுங்க."

அவன் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மௌனங்களுக்கு மேகலா பழகியிருந்தாள். அவை மூடிய கதவுகள் அல்ல. அவன் உள்ளே எதையோ தேடி எடுத்துவர ஆகும் நேரம்.

"அது போச்சுன்னா எனக்கு உக்கார எடமில்ல மேகலா" என்றான் கடைசியில்.

அவள் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அந்த வளையப் போட்டுட்டா அங்க இருக்கறது நானில்லீங்களே."

"அதுஞ் செரிதான்" என்று இன்னொரு இட்லி வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சூறையர் போனார்கள். அவர்களுடைய தலைவர் தொபியாஸ் தூத்துக்குடியில் பல் மருத்துவர். நோயாளிகளிடம் காட்ட முடியாத வாயை எல்லாம் இங்கே காட்டுவார். சூறையருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் எதிரியை வைவார்கள். அவன் பதிலுக்கு வைய வேண்டும். அதன் பிறகுதான் அடி. பதில் பேசாதவனை அடிப்பது அவர்களுக்கு இழுக்கு.

கூண்டின் கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பரிதியும், காவல் மாற்ற வந்த ஒரு பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன வே, விளக்குக்கு எண்ண ஊத்தியாச்சா?" என்றார் தொபியாஸ்.

பதில் இல்லை.

"ரெண்டு பேரும் பல்லு புடுங்க வந்த மாதிரில்லா இருக்கீங்க. அண்ணாச்சி, வாயில என்ன, பஞ்சு வச்சிருக்கா?"

சூறையர் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தது. விளக்கின் ஒளி மெதுவாக அவர்கள் முகங்களைக் கடந்து போயிற்று. இன்னும் இரண்டு வசவு. அப்புறம் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஒருவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மேகலா மட்டும் நின்றாள். பரிதியை வாய் திறக்க வைக்கும் வார்த்தை அவளிடம் இருந்தது. அவனுடைய அப்பாவைப் பற்றிய ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அது நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. விளக்கை உடைக்க வேண்டும் என்ற ஆசை கைகளில் துடித்தது. அந்த ஆசை இனிப்பாகவும் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு, தன் கணவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

விளக்கு ஒரு சுற்று முடித்தது.

"இவங்ககிட்ட சண்டை போட முடியாதுடே. வாங்க போவோம்" என்று தொபியாஸ் எழுந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

வீட்டில் வளையைக் கழற்றிய மேகலா, "வளை கொஞ்சம் லூசா இருந்துச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். பரிதி அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வாரம் விளையாட்டு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பற்றுவளை மூளைக்குக் கேடு என்று பரவும் வதந்தியில் உண்மையில்லை. முன்னெச்சரிக்கையாக அதன் தூண்டல் பகுதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. அன்றுமுதல் வளை நெற்றியில் ஒரு சிறு விளக்கை எரியவிடுவது தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஒருவர்கூட வித்தியாசத்தை உணர்ந்து புகார் செய்யவில்லை. ஆகவே யாரும் அஞ்ச வேண்டாம்.

நல்ல செய்தி என்று எண்ணித்தான் வெளியிட்டார்கள்.

மேகலா புறவானில் சேர்ந்ததே போன ஆண்டு. சோபாவில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு நாளும் எதுவும் தூண்டப்படவில்லை. ரேணு கெஞ்சியபோது சிரித்தது அவள்தான். ஊரே அப்படி உட்கார்ந்திருந்தது போலும், அன்று வெளியே வண்டிச் சத்தமே குறைவாக இருந்தது.

நாலைந்து நாளில் மக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தூண்டலை மறுபடி தரச் சொல்லி இலட்சக்கணக்கானோர் நிறுவனத்துக்கு எழுதினார்கள். மூளைக்குக் கேடு வந்தாலும் பரவாயில்லை என்றார்கள். நிறுவனம் இணங்கியது. இனி நுழைவாயிலில் ஒரு கேள்வி இருக்கும். பற்று வேண்டுமா, வேண்டாமா? ஏறக்குறைய எல்லோரும் வேண்டும் என்றே தொட்டார்கள். தொபியாஸ் அண்ணன் முதல் நாளே தொட்டுவிட்டார்.

மேகலா அந்தக் கேள்வியின் முன்னால் நெடுநேரம் நின்று, வேண்டாம் என்பதைத் தொட்டாள். உள்ளே எல்லாம் சப்பென்று இருக்கும், இரண்டு நாளில் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். சூறையரின் கூடத்தில் கால் வைத்ததும் அவர்களுடைய இரைச்சல் காதில் விழுந்தது. "வந்துட்டா பாரு விளக்குக்காரன் பொண்டாட்டி. இன்னைக்கு ஏழு மணிக்கு அங்கதான் போறோம், வாரியா இல்ல பக்கத்துல உக்காரப் போறியா?" என்றார் தொபியாஸ். பழைய அதே சந்தோஷம் உடம்பு முழுவதும் பரவியது. அதே துடிப்பு கைகளில்.

பழி போட யாரும் இல்லை. ஆனால் சந்தோஷம் ஒரு துளியும் குறையவில்லை.

வளையைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். காவலுக்குக் கிளம்பும் முன் பரிதி தோசை வார்த்துக்கொண்டிருந்தான். அவனும் வேண்டாம் என்றுதான் தொட்டிருந்தான். கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க" என்றாள். "இன்னிக்கு விளக்குக்கு வர்றோமுங்க. நான்தான் வர்றேன்."

பரிதி கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். தோசையின் ஓரம் சிவந்து மேலெழும்பியது. அவன் அதைத் திருப்பிப்போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பிறகு அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவள் அதுவரை அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"செரி" என்றான். "சாப்ட்டுட்டு வா."