பாட்டு முடியும் வரைக்கும்

வயலின்கள் அடங்கி, அந்தச் சின்ன மணிச் சத்தம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

தெய்வசிகாமணி வாயருகே கொண்டுபோன காபி டம்ளரை அப்படியே நிறுத்தினார். இரண்டு வருஷமாக டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டில் இந்தப் பாட்டுதான். புல்லாங்குழல் எங்கே நுழையும், தம்பட்டம் எங்கே உறுமும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இதில் மூச்சுச் சத்தம் கிடையாது. டி.வி. ரிமோட்டை எடுத்துப் பாட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். வயலின் அடங்கியது. மணி ஒலித்தது. ஓடியாடிக் களைத்த குழந்தை வாயைத் திறந்துகொண்டு விடும் மூச்சு, மணியோடு சேர்ந்து வந்தது.

மகள் தனுஷா கள்ளக்குறிச்சியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவுக்காக அவளுக்குப் பாலே ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். கால் கட்டைவிரல் நுனியில் நின்று சுழன்று ஆடுகிற வெள்ளைக்காரர்கள் ஆட்டம். டீச்சர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த இசை மகளைவிட அப்பாவைத்தான் பிடித்து ஆட்டியது. கரும்பும் அடியுரமும் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு கிறுக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "பாட்டுல ஒரு வார்த்தகூட இல்ல, இன்னாத்த கேட்டுக்கினு இருக்கீங்க?" என்று மனைவி அமிர்தம் கிண்டலடிப்பாள். வார்த்தை இல்லாததுதான் அவருக்குப் பிடித்திருந்தது. அதிலும் போன வருஷத்துக்கு அப்புறம் ரொம்பவே பிடித்திருந்தது.

அமிர்தம் கேக் வாங்க டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போயிருந்தாள். மணி ஐந்தரைதான் இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி கரும்புக் காட்டின் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. தோகை நனைந்த வாசனையும் மாட்டுக் கொட்டாயின் சாண வாசனையும் ஜன்னல் வழியே வந்தன. வாசலில் தனுஷா கட்டிய காகித நட்சத்திரம் காற்றில்லாமலே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

போன வருஷமும் இதே இருபத்துநான்காம் தேதிதான். மலையிலிருந்து பன்னிகள் இறங்கிக் கரும்பைச் சாய்க்கின்றன என்று நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, திருட்டு கரண்ட் விட்டிருந்தார். செய்யக்கூடாத வேலைதான். ஆனாலும் அப்படிச் செய்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுவிட்சைத் தட்டுமுன் மோட்டார் கொட்டாய்க்குப் போய் நின்று, "கரண்ட் வுடறேன், வெளிய வாங்க!" என்று மூன்று திசையிலும் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே களை வெட்டுபவர்கள், புல் அறுப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும்.

அன்றைக்கு அவர் போகவில்லை. பாட்டு நல்ல இடத்தில் இருந்தது. வீட்டிலிருந்தே சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் லைட் ஒரு தரம் மங்கிப் பிரகாசித்தது. வோல்டேஜ் சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு சத்தத்தை ஏற்றினார்.

வீட்டில் வேலை செய்யும் தைலம்மாளின் மகள் கலையரசி, மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவள், அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வரப்பில் ஆடியிருக்கிறாள். தனுஷா ஆடுவதை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். பதினொரு வயசு. ஏழு மணிக்கு டார்ச்சோடு போனபோது கம்பியோடு கிடந்தாள்; ஈர வரப்பில் கட்டைவிரல் சுழன்ற தடம் இருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு வந்து, அவளைத் தூக்கிக் கரும்புக்குள்ளேயே நடந்து, கோமுகி அணைத் தண்ணீர் வரும் வாய்க்காலில் விட்டார். விடிவதற்குள் கம்பியைச் சுருட்டிவிட்டார். கால் வழுக்கி விழுந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. மாலை வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் அழுததும் அவர்தான். இவ்வளவு நல்ல மனுஷன் எங்கே கிடைப்பான் என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

ரிமோட்டை அழுத்திப் பாட்டை நிறுத்தினார்.

பாட்டு நின்றது. தாளம் நிற்கவில்லை.

டக். டக், டக். உள் அறையில் டைல்ஸ் மேல் ஏதோ தட்டியது.

"தனு?"

அறைக்குப் போனார். கட்டில்மேல் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அவளுடைய செருப்பு கதவோரம் இருந்தது. ஆள் இல்லை. அறைக்குள் லேசாக எதுவோ தீய்ந்த வாடை. அடுப்பில் பால் வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்து சில்லென்றிருந்தது.

பின்கட்டில் தைலம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். மகள் செத்து ஒரு வாரத்தில் மறுபடி வேலைக்கு வந்தவள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தைலம்மா, தனு இந்தப் பக்கம் வந்துச்சா?"

"பாப்பா கூடத்துலதாங்க கீது," என்றாள் திரும்பாமலே. "ஆடிக்கினு கீது."

"பாட்ட நிறுத்திட்டேனே?"

"இல்லிங்களே. கேக்குதே."

கேட்டது.

அவர் கூடத்துக்கு ஓடினார்.

தனுஷா நடுக்கூடத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வெறுங்கால். இரண்டு கட்டைவிரல் நுனியில். இரண்டு விநாடிக்குமேல் அப்படி நிற்கத் தெரியாத பிள்ளை, கை இரண்டையும் தலைக்குமேல் வளைத்து, மெதுவாகச் சுழன்றாள். மூச்சு வாங்கினாள். அதே மூச்சு.

"போதும்மா. எறங்கு."

"எறங்க முடியலிங்க ஐயா."

குரல் தனுஷாவுடையது. அவள் அவரை ஐயா என்று கூப்பிட்டதே இல்லை.

ரிமோட்டை அழுத்தினார். இசை அறுந்தது. அறுந்த அந்தக் கணமே குழந்தையின் கழுத்து பின்னால் மடங்கியது. கண் மேலே செருகியது. விரல்கள் இறுகி உள்ளங்கைக்குள் புதைந்தன. உதடு நீலம். இந்த முகம் அவருக்குத் தெரியும். இதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குள் நடந்தார்.

பதறிப்போய் மறுபடி அழுத்தினார். வயலின் எழுந்தது. உதட்டின் நீலம் மறைந்து சிவப்பு திரும்பியது. தனுஷா சுழன்றாள்.

பால் செம்போடு தைலம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"கொழந்தையப் புடி தைலம்மா! இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

"எம்பொண்ண குளுப்பாட்டனது நானுங்க," என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தண்ணியில வுழுந்த புள்ளக்கி கால் வெரலு ஏங்க கருகிப்போச்சி?"

அவர் பார்வை மகளின் கால் விரலுக்குப் போனது.

"ஒரு வருசமா கேக்கணும்னு வருவேன். நீங்க பாட்டு கேட்டுக்கினு இருப்பீங்க. சரி, நல்லா கேக்கட்டும்னு போயிடுவேன்."

"தெரியாம நடந்துபோச்சு. நாளைக்கே ஸ்டேஷன்ல போய் நான்தான்னு சொல்லிடறேன். உன் கால்ல வுழறேன் தைலம்மா. தனு இன்னா பண்ணுச்சு? அது கொழந்த!"

"எங்களுதும் கொழந்ததாங்க." செம்பைக் கீழே வைத்துவிட்டு, நிலைக்கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட கெஞ்சாதீங்க. அதுகிட்ட கெஞ்சுங்க."

அவர் கெஞ்சினார். மண்டியிட்டுக் கெஞ்சினார். கலையரசி, கலையரசி என்று அந்தப் பெயரை ஒரு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னார். ஆடுகிற முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புக்கு மேலே தனுஷாவின் கண்கள் மட்டும் அழுதன. மகளைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் பார்த்தார். கை பட்டதும் கரண்ட் சுரீரென்று இழுத்து அவரைச் சுவரில் எறிந்தது.

"அப்பா," என்றது ஒரு சின்னக் குரல், மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில். "கால் எரியுதுப்பா."

டி.வி. திரையில் பாட்டு முடிய மிச்சமிருக்கும் நேரம் எண்களாக ஓடியது. இன்னும் பத்து விநாடி. ஒன்பது. தவழ்ந்துபோய் ரிமோட்டைப் பொறுக்கினார். ஐந்து. நான்கு. விரல் வழுக்கியது. இரண்டு.

அழுத்தினார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

ஏழு நிமிஷம். மறுபடி ஏழு. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கண் சிமிட்டவில்லை. எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. தீய்ந்த வாடை கூடத்தை நிறைத்தது. தைலம்மாள் முந்தானையால் மூக்கைக்கூட மூடவில்லை. பெற்ற பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவளாக, முன்வரிசையில் உட்கார்ந்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளை டைல்ஸ் மேல் தனுஷாவின் கட்டைவிரல்கள் கரிக்கோடு இழுத்து ஒரு வட்டம் போட்டன. அந்த வட்டத்தை ஒட்டி, யாரும் இல்லாத இடத்தில், இன்னொரு ஜோடிக் கால்விரல்கள் இரண்டாவது வட்டத்தைப் போட்டுக்கொண்டு போயின.