உறை கழற்றிய கை

எஸ்டேட் வரைபடத்தில் ஏதோ இடித்தது. தோலில் வரும் பூஞ்சைப் படை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குத் தாவியது என்று பார்க்கத்தான் புனிதா ஆறு வாரமாகச் சிவப்புப் புள்ளி வைத்துவந்தாள். பக்கத்து வீடு, ஒரே துண்டு, ஒரே பாய் என்று பரவினால் நியாயம். இதுவோ முதல் லயத்து வீட்டு வரிசையில் ஒன்று, மூன்றாம் லயத்தில் இரண்டு என்று குதித்துப் போயிருந்தது.

கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டுக்கு அவள்தான் சுகாதாரத் தாதி. ரஹாங் ஊரிலுள்ள வீட்டில் அவள் புருஷன் ஹேமநாதன் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கிறான். சின்னப் பூஞ்சைகூட அவன் உயிரைக் குடித்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் எஸ்டேட்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன் தினமும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள்.

மழை தகரத்தில் இரைந்தது. செம்பனை ஆலையின் புளிப்பு வாடையும், காயாத துணியின் முடை நாற்றமும், களிம்பு நெடியும் பஞ்சாலைக் கிழவியின் சின்ன லயத்து அறைக்குள் ஒன்றாகப் புழுங்கின. களிம்புக்காகப் பஞ்சாலை குப்புறப் படுத்திருந்தாள்.

முதல் வாரம் கையுறையைப் பார்த்து முகம் சுளித்தவள் இவள்தான். "எங்களத் தொட ஒனக்குக் கூசுதா? தொரைமாருங்கதான் இப்படி எட்ட நின்னானுங்க லா."

லயத்தில் பிறந்த புனிதாவுக்குச் சுருக்கென்றது. அன்றே உறையைக் கழற்றினாள். எல்லாருக்கும் வெறுங்கையால் தடவினாள். தங்கமான பொண்ணு என்று எஸ்டேட்டே புகழ்ந்தது. பாவி, அதில் குளிர்ந்துபோனாள்.

வருகைப் புத்தகத்தைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். புள்ளிகள் வந்த வரிசை, அவள் வீடு வீடாகப் போன வரிசை. ஒரு வீடுகூடப் பிசகவில்லை.

பஞ்சாலையின் முதுகில் ஐந்து படை வட்டங்கள். புனிதா தொடாமல் விரல்களை மேலே விரித்துப் பிடித்தாள். இடைவெளி அச்சாகப் பொருந்தியது. கையைத் திருப்பிப் பார்த்தாள். அரிப்பில்லை. தடிப்பில்லை. சுத்தமான கை.

முந்தாநாள் ஹேமநாதனுக்கு முதுகுவலி. தைலம் தேய்த்துவிட்டது இந்தக் கைதான்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

ரஹாங்கில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கில்லை. தைல வாடை. சட்டையில்லாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா? எரியுது. நீ தேய்ச்சாதான் அடங்கும்."

முதுகில் ஐந்து.

வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. கை தன்பாட்டுக்கு நழுவி முன்னால் போனது. ஒவ்வொரு விரலும் அதனதன் வட்டத்தில் படிந்தது.

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.