பூட்டிய அறைக்குள் கடுகு

பகல் 1.20.

பல் டாக்டர் படுக்கையறைப் பூட்டைத் திறந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்கும் கடுகு இன்று வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து முனகல் மட்டும் வந்தது. குனிந்து பார்த்தார். ஐந்து மாதப் பூனைக்குட்டி சுவரோரமாக ஒண்டிக் கிடந்தது. அதன் பின்னங்கால் ஒன்று, கழற்றித் தப்பாக மாட்டியது போலத் திரும்பியிருந்தது.

காலை 8.30க்கு அறையைப் பூட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். சமையலும் வீட்டு வேலையும் பார்க்கும் பெண். டாக்டருக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

2.35. காவல் நிலையம்.

வழியில் டாக்டர் இரண்டு இடங்களுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் இல்லை. மாட்டுப் பிரசவம் ஒன்றுக்குப் போனவர் ஐந்து மணிக்குத்தான் வருவாராம். உதவியாளர் வலிக்கு ஊசி போட்டு, காலுக்கு அட்டை வைத்துக் கட்டி அனுப்பினார். பிறகு தன் கிளினிக்கிலேயே, மனிதர்களின் பல்லுக்கு எடுக்கும் கருவியில், குட்டியை ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். சாட்சி வேண்டுமே. குட்டியை அங்கேயே ஒரு கூடையில் படுக்கவைத்தார். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்ப் பணிப்பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இவதான். வாயில்லா ஜீவனோட காலை முறிச்சவ," என்று நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். அவள் சுவரோரமாக நின்றாள்.

அவளுக்கு நேரம் சரியில்லை. வருகிற திங்கட்கிழமை அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாகச் சேர வேண்டும். மாதக்கணக்காக அலைந்து கிடைத்த வேலை. அதற்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் இதே நிலையத்தில், எழுத்தர் மேஜையில், கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. பூனைக்குட்டியின் காலை முறித்தவள் என்று ஒரு புகார் பதிவானால், கைக்குழந்தையை யார் அவளிடம் நம்பிக் கொடுப்பார்கள்?

ஏட்டு புகாரை இரண்டு விரலால் தூக்கி எஸ்.ஐ. பக்கம் நீட்டினார். எஸ்.ஐ. ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்மணி. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கிளித் திருட்டைக் கண்டுபிடித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து வாலும் இறக்கையும் உள்ள புகாரெல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பூனைப்படை என்று பெயர். அது அவருக்கும் தெரியும். முந்தின நாள் பந்தோபஸ்தில் பதினான்கு மணி நேரம் நின்ற கால்கள் இன்னும் வலித்தன. இந்தப் புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. சுவரோரம் நின்றவளின் முகத்தைப் பார்த்த பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் தன் செல்போனில் எக்ஸ்ரேவைக் காட்டினார். தொடை எலும்பு குறுக்கே பிளந்திருந்தது. குட்டி திமிறியதில் அதன் முகமும் படத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டது. பொடிப் பொடியாகப் பற்கள் அரிசிமணி போல வெள்ளை வெளேரென்று தெரிந்தன. டாக்டரின் விரல் உடைந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. அவர் கண்கள் சிவந்திருந்ததை எஸ்.ஐ. கவனித்தார். மனிதர் அழுதிருக்கிறார்.

3.15. டாக்டரின் வீடு, மூன்றாவது மாடி.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. செய்திருந்தால்தான் எஸ்.ஐ. ஆச்சரியப்பட்டிருப்பார். ஒவ்வொரு படிக்கும் முட்டி தன் குறையைச் சொல்லியது.

அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கம்பி, கம்பியை ஒட்டிக் கொசுவலை, வலையில் ஓட்டை கிடையாது. தாழ்வான கட்டில், தரையிலிருந்து மெத்தை இரண்டு சாண் உயரம். ஒரு மர அலமாரி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தார். மேலே தூசி படிந்திருந்தது. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை. ஜன்னலில் தரையைத் தொடும் வெள்ளைத் திரைச்சீலை. அதை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். ஒரு நூலும் பிரிந்திருக்கவில்லை.

திரை புதிதா என்று கேட்டார். மூன்று வருடமாகத் தொங்குகிறது என்றார் டாக்டர். "கடுகு ரொம்ப அடக்கமான குட்டிங்க. எதையும் பிராண்டாது, எதுலயும் ஏறாது." சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

அறைக்கு இரண்டு சாவி. ஒன்று டாக்டரின் சட்டைப்பையில். மற்றது சமையலறை இழுப்பறையில். அதை எடுத்துத்தான் திறந்திருக்கிறாள் என்பது டாக்டரின் வாதம். எஸ்.ஐ. இழுப்பறைச் சாவியைப் பூட்டில் நுழைத்தார். நுழைந்தது, திரும்பவில்லை. டாக்டர் பிடுங்காத குறையாக வாங்கித் தானும் திருகிப் பார்த்தார். பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. போன மாதம் கடைவீதியில் செய்து வாங்கி, போட்டுப் பார்க்காமலே இழுப்பறையில் எறிந்த சாவி அது.

"பூட்டறதுக்கு முன்னாடியே செஞ்சிருப்பா," என்றார் டாக்டர்.

"உள்ள விட்டது யாரு?"

"நான்தான். கையில தூக்கிட்டு வந்து மெத்தை மேல விட்டேன்."

"அப்ப கால் நல்லா இருந்துச்சா?"

டாக்டர் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் தன் வாயாலேயே அவளை விடுவித்துவிட்டது அவருக்கு உறைத்தது. உள்ளே போக வழியில்லை, போன ஆளும் இல்லை, கால் மட்டும் உடைந்திருக்கிறது. எஸ்.ஐ. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்ற எண்ணம் வந்து போயிற்று.

3.50. சமையலறை.

குட்டியின் சாப்பாட்டைக் காட்டச் சொன்னார். டாக்டர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கண்ணாடி டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி, எடை. உள்ளே தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் நீக்கிய கோழிக்கறி. உப்பில்லாமல் வேகவைத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே உட்கார்ந்து செய்வாராம். மனைவி பிரிந்து போன பிறகு இந்த வீட்டில் அவர் இத்தனை சிரத்தையோடு செய்கிற வேலை வேறு எதுவும் இல்லை.

சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஒரு பை, பிரிக்காமலே இருந்தது. பூனைக்குட்டிகளுக்கான முழு உணவு என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. குட்டியைக் கொடுத்தவர்கள் கூடவே கொடுத்தது. பையில் வருவதெல்லாம் நொறுக்குத் தீனி, சொத்தைப் பல்லோடு தன்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியாதா என்றார் டாக்டர். பாலும் கொடுப்பதில்லை, மீனும் கொடுப்பதில்லை. இரண்டு மாதமாகச் சுத்தமான கறி மட்டும்தான்.

டாக்டரை வரவேற்பறையில் உட்காரச் சொல்லிவிட்டு, எஸ்.ஐ. பணிப்பெண்ணைத் தனியாக விசாரித்தார். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். குட்டியின் தட்டை அவள் தொடக் கூடாது. ஒருமுறை வீட்டில் வாங்கிய மீனில் ஒரு துண்டை முள்ளோடு வைத்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"குட்டியைத் தூக்குவியா?"

"இல்லை மேடம். முதுகைத் தொட்டாலே கத்தும். பத்து நாளா அப்படித்தான். சோபாவுலகூட ஏறாது, கீழயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வயிறு நெறஞ்சா அப்படித்தான் இருக்கும், உனக்கு என்ன தெரியும்னாரு."

4.25. தரைத்தளம்.

அந்தக் கட்டடத்தின் கீழேயே ஒரு மருந்துக்கடை. முட்டிக்குத் தடவ ஏதாவது வாங்கலாமென்று எஸ்.ஐ. நுழைந்தார். தலைக்கு மேலிருந்து ஏதோ ஒன்று பொத்தென்று மேஜையில் குதித்து, அங்கிருந்து அவர் தோளில் தாவி, மருந்து அலமாரியின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து கொண்டது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் இருக்கும்.

கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். அவன் பெயர் மிளகு. மாடியில் பல் டாக்டர் வளர்க்கும் கடுகோடு கூடப்பிறந்தவன். இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில், ஒரே நாளில் வந்து சேர்ந்தவை. கடையின் திரைச்சீலை கந்தல் கந்தலாகத் தொங்கியது. இவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எஸ்.ஐ. கேட்டார். கூட வந்த பையில் இருப்பதைத்தான், பின்னால் எழுதியிருக்கும் அளவுப்படி, அது தீர்ந்தால் அதே மாதிரி இன்னொன்று. தனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது என்றார் அவர்.

எஸ்.ஐ. கொஞ்ச நேரம் மிளகை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த காரியத்தை மறந்துவிட்டு வெளியே போனார். ஐந்து மணி ஆனதும் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு நாலே கேள்வி கேட்டார்.

5.20. பல் கிளினிக்.

பெரிய திரையில் எக்ஸ்ரே. கூடையில் கடுகு மயக்கமாகப் படுத்திருந்தது. பணிப்பெண் கதவருகே நின்றாள். அவளை உட்காரச் சொல்லி எஸ்.ஐ. ஒரு நாற்காலியைத் தள்ளினார்.

"உடைச்சது யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார். அதுக்கு முன்னாடி ஒரு உதவி. இதை உங்க பேஷண்ட் படம்னு நெனச்சுக்குங்க. காலை விட்டுடுங்க. ஓரத்துல பல்லைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். "பல்லுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"எதுல நிக்குது?"

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பற்கள் பளிச்சென்று இருந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய தாடை எலும்பு, பால் குடித்த டம்ளரில் ஒட்டியிருக்கும் வெண்மை அளவுக்குத்தான் தெரிந்தது. பற்கள் அந்தரத்தில் நின்றன. தினமும் முப்பது தாடைகளைப் பார்க்கிறவர் அவர். உடைந்த காலைவிட்டுக் கண்ணை எடுத்திருந்தால் அப்போதே பார்த்திருப்பார்.

"எலும்புல சுண்ணாம்புச் சத்தே இல்லை," என்றார் மெதுவாக.

எஸ்.ஐ. அலுப்போடு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து மாதக் குட்டி இருக்கிற வீட்டில் திரைச்சீலை முழுசாக இருந்தால் அது அடக்கம் இல்லை, ஏற முடியாத வலி. அலமாரித் தூசியில் தடம் இல்லாததற்கும், முதுகைத் தொட்டால் கத்தியதற்கும் காரணம் அதுதான். கூடப்பிறந்தவன் ஆள் உயரத்திலிருந்து குதிக்கிறான்; இது இரண்டு சாண் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை உடைத்துக்கொண்டது. மருத்துவர் சொன்னதையும் சொன்னார். பூனை எலியைப் பிடித்தால் எலும்போடும் ஈரலோடும் முழுசாகத் தின்னும். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. வளருகிற குட்டி, வேறு வழியில்லாமல், தன் எலும்பையே கரைத்துச் செலவு செய்யும். குட்டிகளுக்கான முழு உணவைக் கொடுத்தால் போதும். வீட்டில்தான் செய்வேன் என்றால் மருத்துவர் எழுதிக் கொடுக்கிற அளவுப்படி செய்ய வேண்டும்.

"அந்த ரூமுக்குள்ள யாரும் போகலை. காலை உடைச்சது நீங்கதான் சார். இன்னிக்கு இல்லை. ரெண்டு மாசமா, தினம் ரெண்டு வேளை."

டாக்டர் நோயாளிகள் சாயும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லதுன்னுதானே கொடுத்தேன்."

"தெரியும் சார்."

கெட்டவன் ஒருவனைப் பிடித்தால் கொஞ்சமாவது நிறைவு இருக்கும். இதில் அதுவும் இல்லை. எஸ்.ஐ.க்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கூண்டில் அசையாமல் வைத்து, சரியான உணவைக் கொடுத்தால் சில வாரங்களில் எலும்பு தேறிவிடும் என்று மருத்துவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார்.

டாக்டர் உடனே ஒரு தாளை எடுத்துப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எஸ்.ஐ. அதை வாங்கப் போனார். அப்போதுதான் பணிப்பெண் எழுந்தாள்.

"பேப்பர் போதாது மேடம். ஸ்டேஷன்ல எல்லாரும் கேக்கறாப்பல சொன்னாரு. அங்கயே வந்து சொல்லட்டும்."

மறுநாள் காலை 10.05. காவல் நிலையம்.

டாக்டர் சவரம் செய்யாமல் வந்திருந்தார். ஏட்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நேற்று இருந்த அதே முகங்கள். பணிப்பெண் நேற்று நின்ற சுவரோரத்திலேயே நின்றாள். எஸ்.ஐ. அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு மேல தப்பில்லை," என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கேக்கலை சார்," என்றாள் அவள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, புகார் தவறு, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்றார். ஏட்டு அதட்டலை நிறுத்தவில்லை. எஸ்.ஐ. பேனாவை எடுக்கவில்லை.

"இன்னும் கேக்கலை சார்."

டாக்டர் தலையைத் தூக்கினார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"குட்டியோட காலை உடைச்சது நான். இவங்க இல்லை. இவங்க பத்து நாள் முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கலை."

தட்டச்சு நின்றது. ஏட்டும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு கணம் டாக்டரை நேராகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். எஸ்.ஐ. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.