அஞ்சுக்கு அப்புறம் வர்ற ஆறு

ஆராய்ச்சிக் கூடத்தின் படியில் இறங்கும்போது தூறல்தான். சாலையைத் தொடுவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது... அவள் ஓடிப்போய் எதிரே இருந்த பேருந்து நிழற்குடைக்குள் ஒதுங்கினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். பெரிய அட்டை ஒன்றை பாலிதீன் தாளால் போர்த்தி மார்போடு அணைத்திருந்தான். அட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. அவன்தான் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க... உங்க முடியிலேர்ந்து சொட்டுது. படத்து மேல பட்டுடும்."

முதல் வார்த்தையே இப்படியா... அவள் நகரவில்லை. "மழைகிட்ட சொல்லுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். அதுவும் உங்களை மாதிரிதான், கேக்கல."

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கண்கள். நெற்றியில் ஒட்டிய முடி, புருவத்தில் தங்கிய துளி, கோபத்தில் இறுகிய உதடு என ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயின. யாரோ மெல்லிய பென்சிலால் தன் முகத்தை வரைவதுபோல அவளுக்குக் கூசியது. அந்தக் கூச்சம் பிடித்திருந்தது என்பதை உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"அப்படி யாருக்குங்க இந்தப் படம்?"

"எதிர்ல இருக்கே, அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு. ஒரு டாக்டரம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. தலைமை ஆசிரியை மாதிரி குரல். மூச்சு விடாம பேசிட்டு, கடைசில 'புரிஞ்சுதா'ன்னு ஒரு அதட்டல் வேற."

அவள் காது சூடானது. "புரிஞ்சுதா?"

"நல்லாவே. பாருங்களேன்."

பாலிதீனை விலக்கினான். அட்டையில் ஒரு மனித உடல் படுத்திருந்தது. தோளில் பிறந்த நதி ஒன்று மார்பு வழியே வளைந்து ஓடியது. கரையெல்லாம் பச்சை. முழங்காலிலும் விரல்களிலும் மட்டும் கரை உடைந்து, செந்நிற வெள்ளம் புகுந்து, வயல்கள் மூழ்கிக் கிடந்தன.

"என்ன இது?"

"ஆறுங்க."

"தெரியுது. உடம்புக்குள்ள எதுக்கு ஆறு?"

"அவங்கதானே சொன்னாங்க..." அவன் குரலை மாற்றினான். "'ஆறு எல்லார் உடம்புலயும் இருக்கு. அளவா இருந்தா நம்மைக் காப்பாத்தும். பெருகிச்சுன்னா மூட்டெல்லாம் வீங்கிடும். அதை அப்படியே வரைஞ்சு குடுங்க. புரிஞ்சுதா?'"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்டர்லூகின்-ஆறு என்று முழுப்பெயரைச் சொல்ல ஆய்வகத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. உடலின் செல்கள் ஒன்றோடொன்று பேச அனுப்பிக்கொள்ளும் புரதங்களில் அது ஒன்று. ஒன்று ஏறியிருக்கு, பதினேழு இறங்கியிருக்கு, ஆறு அடங்கவே மாட்டேங்குது... அங்கே எண்கள்தான் பெயர்கள். வெளியே இருப்பவர்களுக்கு ஆறு என்றால் தண்ணீர் ஓடும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"அது அந்த ஆறு இல்லை. அஞ்சுக்கு அப்புறம் வர்ற ஆறு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தலைமை ஆசிரியை நான்தான்."

அவன் சங்கடப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"சிரிக்கிற விஷயமில்லை. நோயாளிங்க கையில குடுக்கப்போற விளக்கத் தாள் இது."

"சரி, சரி... வேற வரைஞ்சு தரேன். அஞ்சுக்கு அப்புறம் வர்ற ஆறு என்னதான் பண்ணும்? சொல்லுங்க. மழை விடற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்லை."

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு, உண்மையாகவே காத்திருந்தான். அவள் வேலையைப் பற்றி இப்படி யார் காத்திருந்து கேட்டிருக்கிறார்கள்... வீட்டுக்கு வரும் உறவுகள் எல்லாம் 'மருந்து கண்டுபிடிச்சிட்டியா' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே கல்யாணப் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

"ஒரு கிருமி உள்ள வருதுன்னு வெச்சுக்கோங்க. முதல்ல பாத்த செல் சும்மா இருக்காது, ஆறை அனுப்பும். அது மூளைகிட்ட போய் சூட்டைக் கூட்டச் சொல்லும். அதான் காய்ச்சல். ஈரலை எழுப்பி ஆயுதம் தயார் பண்ணச் சொல்லும். எதிர்ப்புப் பொருள் செய்யற செல்லைத் தட்டிக் குடுக்கும். ஒரே ஒரு சின்னப் புரதம்... ஒவ்வொருத்தர் கதவுலயும் அவங்கவங்க பாஷையில பேசும். நீங்க ஓடினாக்கூட உங்க தசை அதை அனுப்பும், தெரியுமா?"

"உங்க சொந்தக்காரப் பையனைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு."

"பத்து வருஷப் பழக்கம்." அவள் முகம் தன்னையறியாமல் மலர்ந்திருந்தது. "அவ்வளவு கெட்டிக்காரத்தனம் அதுக்கு."

"அப்புறம் ஏன் மூட்டு வீங்குது?"

"வேலை முடிஞ்சா அது கிளம்பணும். சில பேருக்குக் கிளம்பாது. கிருமியே இல்லாதப்பவும் படையைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். வந்த படை, அடிக்க வேற யாரும் இல்லாம, சொந்த மூட்டையே அடிக்கும்."

அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். பச்சை வயல்... உடைந்த கரை... பத்து வருடமாகக் கட்டங்களாலும் அம்புகளாலும் அவள் சொல்ல முயன்றது ஒரே பார்வையில் புரிந்தது. விரல்களை உற்றுப் பார்த்தாள். நுனி மூட்டை விட்டுவிட்டு, நடு மூட்டிலும் அடி மூட்டிலும் மட்டும் வெள்ளம் புகுந்திருந்தது. இந்த வகை மூட்டுவாதம் அப்படித்தான் வரும்.

"இது எப்படி சரியா வரைஞ்சீங்க?"

"தோணிச்சு."

அவள் அதை நம்பினாள். "படத்தை மாத்த வேணாம். இப்படியே இருக்கட்டும்."

மழை எப்போதோ நின்றிருந்தது. இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

விளக்கத் தாளுக்கு இன்னும் சில படங்கள் தேவைப்பட்டன. தேவைப்படாததற்கும் அவள் காரணம் கண்டுபிடித்தாள்.

அவன் வருவான். கூட்ட அறையின் மூலை மேசையில் உட்கார்ந்து வரைவான். அவள் செல்கள் வளரும் தட்டுகளை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். மைக்ரோஸ்கோப்பில் ஒருநாள் அவனைப் பார்க்கச் சொன்னாள். வெகுநேரம் குனிந்திருந்தான். "இவ்வளவு அழகை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, எங்களுக்குக் கட்டம் கட்டமா காட்டறீங்களே... இது துரோகம்" என்றான். அன்று முழுவதும் அவளுக்கு அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு குறை. காலையில் கூப்பிட்டால் வரவே மாட்டான்.

"காலைல வாங்கன்னா என்ன? படத்தைப் பாக்க எங்க ஆய்வகத் தலைவர் அப்பதான் ஃப்ரீயா இருப்பார்."

"எனக்கு லேட்டாதான் விடியும்."

"சோம்பேறின்னு சொல்லுங்க."

"அப்படியே வெச்சுக்கோங்க."

"பகல் ஓவியர்" என்று பெயர் வைத்தாள். அவனும் ஏற்றுக்கொண்டான். விடியும் முன் உடம்பில் ஆறு எப்படி ஏறுகிறது, நோயாளிகளின் மூட்டுகள் காலையில் ஏன் பூட்டிக்கொள்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. அதை அவனுக்கு விளக்கியும் இருக்கிறாள், உற்சாகமாக, கையை ஆட்டி ஆட்டி. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறான். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

கடைசிப் படம் அச்சுக்குப் போக வேண்டிய அன்று, ஒரு வேகத்தில், சொல்லாமல் அவன் வீட்டுக்கே போய்விட்டாள். காலை நேரம். சோம்பேறியைப் படுக்கையிலேயே பிடித்துக் கேலி செய்யும் ஆசை... அதைவிட, அவன் வாழும் அறையைப் பார்க்கும் ஆசை.

கதவைத் திறந்தது அவன் தங்கை. "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கண்ணாலேயே அளந்தாள். "உள்ள வாங்க. அண்ணா, உன்னைத் தேடிக்கிட்டு..."

அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள். நீரின் அடியில் விரல்கள் மடங்காமல், சிவந்து, தடித்து... நடு மூட்டிலும் அடி மூட்டிலும்.

அவளுக்கு உடனே எல்லாம் புரிந்தது. புரிந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சி.ஆர்.பி. எவ்வளவு?"

இரத்தத்தில் அழற்சியை அளக்கும் கணக்கு அது. தினமும் நூறு முறை அவள் வாயில் வருவது. அதைத்தான் கேட்டாள்... வலிக்குதா என்று கேட்கவில்லை. ஏன் சொல்லலை என்று கேட்கவில்லை.

அவன் கையைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"நீங்க பாக்கறது என்னையா, என் மூட்டையா?"

கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்கை படத்தை உறையிலிட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "புது ஊசி ஆரம்பிச்சிருக்காங்கக்கா. உங்க ஆறு பேசறதைக் கேக்க விடாம அடைக்கிற ஊசியாம். ஊசி கேக்குமான்னு இன்னும் தெரியல" என்றாள். "அவன் அப்படித்தான். யாரையும் காலைல பக்கத்துல விட மாட்டான். கல்யாணப் பேச்செல்லாம் அவனேதான் வேணாம்னுட்டான்."

*

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவளும் அழைக்கவில்லை.

கோபம் என்று முதலில் நினைத்தாள். மறைத்தது அவன்தானே... பிறகு மெல்ல மெல்ல கோபத்தின் அடியில் கைவிட்டுப் பார்த்தபோது அங்கே வெட்கம்தான் இருந்தது. எத்தனை நாள் அவன் எதிரே உட்கார்ந்து அந்தப் புரதத்தின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சியிருக்கிறாள். அந்த நாட்களின் காலையிலும் அது அவன் விரல்களைப் பூட்டிவைத்திருக்கும். ஒருநாளாவது அவன் அவள் பேச்சை நிறுத்தினானா... கண்ணில் சலிப்புக் காட்டினானா... அவள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காக, தன்னை வதைப்பதன் புகழைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அதே விரல்களால் அதை நதியாகவும் பச்சை வயலாகவும் வரைந்து தந்தான்.

இப்படி ஒரு மனிதனை அவள் பார்த்ததில்லை.

பலமுறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் குரலாகவே அனுப்பினாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லாம வந்துட்டேன். முதல்ல மூட்டைத்தான் பாத்தேன். பொய் சொல்ல வரலை. அப்புறம் உங்களைப் பாத்தேன்... ஆனா அதுக்குள்ள நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க."

மறுநாள் செல்களுக்கு உணவு மாற்ற அவள் சீக்கிரமே வந்தாள். தாழ்வாரத்தில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்து பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான்.

சட்டைப் பொத்தான் ஒன்று துளை மாறியிருந்தது. தலை வாரவில்லை. அவளைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றான். ஒரு கையை பெஞ்சில் ஊன்றி, நிறுத்தி, மறுபடி ஊன்றி... கை நீட்டலாமா, வேண்டாமா... அவள் நீட்டவில்லை. அவன் எழுந்து நிற்கும்வரை, அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொத்தான் தங்கச்சி போட்டு விட்டா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டா."

"அவதான் அனுப்பினாளா?"

"துரத்தி விட்டான்னு சொல்லணும். உங்க மெசேஜை எங்க வீட்டுல எல்லாரும் கேட்டாச்சு."

"எல்லாரும்னா?"

"அவ ஒருத்திதான். ஆனா பத்துப் பேருக்கு சமம்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"பகல்ல நான் நல்லா இருப்பேன். பேசுவேன், கேலி பண்ணுவேன். அந்த ஆளைத்தான் உங்களுக்குத் தெரியும். காலைல இந்த ஆளும் இருக்கான். பல் தேய்க்கவே அரை மணி நேரம் ஆகும். இவனைப் பாக்காம நீங்க எதையும் முடிவு பண்ணக் கூடாது... அதுக்குத்தான் வந்தேன்."

"நான் எதை முடிவு பண்ணப் போறேன்னு நினைச்சீங்க?"

அவன் காது மடல் சிவந்தது. "...படத்தைப் பத்தி."

"படம் அச்சுக்குப் போயாச்சு."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு, முதல்முறையாக, அதை அவள் பார்க்கும்படி முன்னால் நீட்டினான்.

"ஒண்ணு கேக்கறேன். இந்தக் கை இன்னும் பத்து வருஷத்துல எப்படி இருக்கும்... உங்களால சொல்ல முடியுமா?"

ஆறுதலாக எத்தனையோ சொல்லலாம். அவன் கண்கள் அவள் முகத்தில் வரி வரியாக எதையோ தேடின. அந்தக் கண்களுக்குக் கலப்படமாக எதையும் கொடுக்க அவளால் முடியவில்லை.

"முடியாது. அந்த ஊசி நிறைய பேருக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாது."

அவன் தோள் மெல்லத் தளர்ந்தது. "எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னுதான் சொல்றாங்க. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்." அவளை நேராகப் பார்த்தான். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்ப சொல்லாம இருக்க முடியல."

அவள் அவன் கையைத் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். அழுத்தாமல், வெறுமனே தாங்கினாள். மூட்டு தெரியவில்லை. சூடு தெரிந்தது, பென்சில் பிடித்துக் காய்த்துப்போன தோல் தெரிந்தது.

"எனக்கும் பிடிச்சிருக்கு. காலைல இருக்கற ஆளையும் சேத்துத்தான்."

"எதனாலன்னு கேக்கலாமா?"

"தெரியல."

"டாக்டரம்மாவுக்கே தெரியலையா?"

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

"முடிய எவ்வளவு நாளாகும்?"

அவள் குனிந்து, மாறிப் போயிருந்த பொத்தானை மெதுவாகக் கழற்றிச் சரியான துளையில் மாட்டினாள்.

"எங்க ஆராய்ச்சி எதுவும் சீக்கிரம் முடிஞ்சதா சரித்திரமே இல்லை" என்றாள்.