முள் நிற்காத வண்டி

மழை விடாமல் பிடித்துக்கொண்ட மதியம் அது. மருமகள் ஷெட்டின் பூட்டைத் திறந்தாள். மாமனார் செத்த அன்று இழுத்து வந்து நிறுத்திய கார், விட்டது விட்டபடி நின்றது. ஈர மண்ணும் பெட்ரோலும் கலந்த வாடை. அதோடு மாமனாரின் சுருட்டு வாடையும்.

மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இடத்தில் சுருட்டு பிடித்தது யார்?

அவளும் மெக்கானிக்தான். ஆனால் இந்த வண்டியில் மட்டும் அவளைக் கைவைக்க விட்டதில்லை அந்த மனிதர். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியதெல்லாம் அவரே. ஒரே ஒரு நாள் அவர் தூங்கும்போது ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துப் போட்டாள். மறுநாள் வண்டி நடுரோட்டில் நின்றது. இறங்கியவர்மேல் லாரி மோதியது.

"இவ கை வச்சா, அவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொந்தபந்தம் தீர்ப்பு எழுதிவிட்டது. நாளை வண்டி பழைய இரும்புக்குப் போகிறது. அதற்குள் உண்மை தெரியாவிட்டால் பழி காலத்துக்கும் அவள் தலையில்தான்.

"விட்டுடேன்," என்றான் வாசலிலேயே நின்ற கணவன்.

"பழி யார் மேல? உங்க மேலயா, என் மேலயா?"

பேட்டரியை மாற்றி, பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். பின்னால் டேங்குக்குள் பம்ப் முனகியது. முள் மூன்றுக்கு ஏறியது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று இறங்கியது.

வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை.

மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயை நெரித்துப் பிடித்தாள். அப்போதும் இறங்கியது. இன்ஜெக்டர்களும் ஒழுகாமல் காய்ந்து கிடந்தன. அப்படியானால் கோளாறு டேங்குக்குள்ளேதான். டேங்க் மூடியை மறைத்திருந்த பின்சீட்டைத் தூக்கினாள்.

க்கும்.

தொண்டையைச் செருமும் சத்தம், அவள் காதருகே.

"அப்பா..." கணவன் கிசுகிசுத்தான். "வா, போயிடலாம்."

டேங்க் மூடியில் ஸ்பேனரை வைத்தாள். சில்லென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. ஐந்து விரலும் உறைத்தன.

ஆளைக் காணோம்.

"தொடாதே."

பயத்தை முந்திக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது.

"உயிரோட இருந்தப்பவும் இதே பேச்சு, செத்தும் இதேதானா? கையை எடுங்க மாமா!"

பிடி இறுகியது. மறு கையால் ஸ்பேனரைத் திருகினாள்.

மூடி கழன்றதும் பிடி விட்டது. பம்ப் வெளியே வந்தது. அதன் தலையில் கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய். வண்டிக்கு அடியில் ஓடவிடுகிற ரகம். பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடந்தால் ஊறிப்போகும். மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று மாமனார் அதையே உள்ளே மாட்டியிருந்தார். நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது.

"பாருங்க. பிளக்கும் இல்ல, என் கையும் இல்ல. பெட்ரோல் இது வழியா டேங்குக்குள்ளயே கொட்டியிருக்கு."

கணவன் உள்ளே வந்து அதை வாங்கிப் பார்த்தான். "நானும் உன்னாலதான்னு நினைச்சேன்," என்று உடைந்து அழுதான்.

"தெரியும்."

பெட்ரோலில் மூழ்கினாலும் தாங்கும் குழாயைப் போட்டு இறுக்கினாள். முள் மூன்றில் நின்றது. எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது.

"ஏறுங்க. சொந்தக்காரங்க வீடு ஒண்ணு விடாம இந்த வண்டியிலேயே போய் அந்தக் குழாய்த் துண்டைக் காட்டப்போறேன்."

கியரைப் போட்டாள். வண்டி நகரவில்லை.

கடக். கடக். இருவருக்கும் நடுவே ஹேண்ட்பிரேக் தானாக எழுந்தது.

கணவன் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தான்.

"வர்றதுன்னா வாங்க மாமா," என்றாள். "ஓட்டுறது நான்தான்."

முழு பலத்தோடு அதைக் கீழே அழுத்தி, வண்டியை மழைக்குள் விட்டாள். தெருமுனை திரும்பும்போது, அவள் உள்ளங்கைக்கு அடியில் அது மறுபடி எழ ஆரம்பித்தது.